கலிலியோவுக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?

பொறியியல் பாடத்திட்டக் குழுவினருக்கும், வினாத்தாள் அமைக்கிறவர்களுக்கும், விடைக்குறிப்பு எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற பருவத் தேர்வுக்குப் பிறகு விடைத்தாள் திருத்தும் முகாமில் எனக்கு வந்த கட்டு முழுக்க ஒரே உத்திரம். 4 மீட்டர் நீளம், இரண்டு முனையிலும் தாங்கி, மேலே மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் வீதம் பரவிய சுமை. நடுவில் எவ்வளவு தொய்யும் என்பது கேள்வி. 2.6 மில்லிமீட்டர் வர வேண்டும். ஒரு மாணவர் 2,600 மில்லிமீட்டர் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, சுற்றிப் பெட்டியும் கட்டியிருந்தார். 4 மீட்டர் உத்திரம் இரண்டரை மீட்டருக்கு மேல் தொங்குகிறது! வீட்டுத் தளம் என்றால் தலையில் இடித்து, தரையை நெருங்கியிருக்கும். அவருக்கு எந்த உறுத்தலும் இல்லை. கிலோநியூட்டனை நியூட்டனாக்கியவர், மீட்டரை மில்லிமீட்டராக்க மறந்துவிட்டார். அவ்வளவுதான், ஆயிரம் மடங்கு.

விடைக்குறிப்பில் சூத்திரத்துக்கு 3, எண்களைப் பொருத்தியதற்கு 6, விடைக்கு 4 என்று இருந்தது. சூத்திரம் சரி. பொருத்தியதில் ஒரே ஒரு பிசகு. 8 மார்க் போட்டேன்.

அதே கட்டில் சில தாள் தள்ளி இன்னொருவர். உத்திரத்தைத் தனியாகப் பிரித்து வரைந்திருந்தார். இரண்டு முனையிலும் மேல்நோக்கி 20 கிலோநியூட்டன். நடுவில் வெட்டி, வெட்டிய முகத்தில் மேலே அமுக்கம், கீழே இழுப்பு என்று அம்புக்குறிகள். வளைந்த வடிவத்தைப் புள்ளிக்கோட்டில் போட்டு, ‘சில மி.மீ. இருக்கலாம்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார். சூத்திரத்தின் அடியில் வரும் 384 மட்டும் அவருக்கு மறந்துபோயிருக்கிறது. குறிப்பின்படி இவருக்கு 2 மார்க்.

என் வீட்டுக்குத் தளம் போட இந்த இருவரில் ஒருவரைத்தான் கூப்பிட வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 8 மார்க் வாங்கியவரை அல்ல.

இருபத்தாறு வருடங்களாக இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் திண்ம இயக்கவியலும், திரவம், வாயு இரண்டையும் பற்றிய பாய்ம இயக்கவியலும் நடத்துகிறேன். பிள்ளைகள் வாயில் அவை எஸ்ஓஎம், எஃப்எம். அரியர் பட்டியலைக் கேட்டால் இரண்டும் சேர்ந்தே வரும். அந்த அனுபவத்தில் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த இரண்டு பாடங்களிலும், ஒவ்வொரு பெரிய கணக்கிலும், மூன்றில் ஒரு பங்கு மார்க்கைப் படத்துக்குக் கொடுங்கள். படம் என்றால் அழகான ஓவியத்தைச் சொல்லவில்லை. பொருளைச் சுற்றியிருப்பதிலிருந்து பிரித்து வரைந்து, அதை எது எந்தப் பக்கம் தள்ளுகிறது, எது இழுக்கிறது என்று அம்பு போடுவது. திண்மத்தில் அதை ஃப்ரீ பாடி டயக்ராம் என்கிறோம். பாய்மத்தில் கண்ட்ரோல் வால்யூம். பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

இதற்கு நான் சாட்சிக்கு அழைப்பது கலிலியோவை. 1638இல், எழுபத்து நான்கு வயதில், பார்வையும் போய், வீட்டுக்காவலில் இருந்த மனிதரின் கடைசிப் புத்தகம் ஹாலந்தின் லெய்டன் நகரில் அச்சானது. பொருள்களின் வலிமையை ஒரு அறிவியலாகப் பேசத் தொடங்கியது அதில்தான். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மர உத்திரம், அதன் நுனியில் கொக்கி போட்டுத் தொங்கும் ஒரு பாரம். இந்தப் படம் அதில் இருக்கிறது. நாம் கேன்டிலீவர் என்று இன்றும் முதல் வாரத்தில் கரும்பலகையில் வரைகிற அதே படம்.

அந்தக் கணக்கில் கலிலியோ தவறினார். சுவரோரம் உத்திரத்தின் வெட்டுமுகம் முழுவதிலும் ஒரே அளவு இழுப்பு என்றும், உத்திரம் கீழ் விளிம்பை அச்சாக வைத்துத் திரும்புகிறது என்றும் எடுத்துக்கொண்டார். உண்மையில் மேல்பாதி இழுபடுகிறது, கீழ்பாதி அமுங்குகிறது, நடுவில் ஒன்றுமில்லாத ஒரு கோடு ஓடுகிறது. அதனால் அவர் கணக்குப்படி உத்திரம் உண்மையைவிட மூன்று மடங்கு தாங்கும்! வகுப்புக் குறியீட்டில் (b அகலம், h உயரம்) சொன்னால், bh²/6 வர வேண்டிய இடத்தில் அவருக்கு bh²/2 வந்தது. 1713இல் பாரான் என்ற பிரெஞ்சுக்காரர் சரியாக எழுதினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1773இல் கூலும் என்பவர், மின்விசைக்காக நாம் பள்ளியில் படிக்கும் அதே ஆள், அதை மறுபடி நிறுவினார். ஒரு படத்தில் கீழ்ப்பக்கத்து அம்புகளைச் சரியாகப் போட 135 வருடம்.

இப்போது நம் விடைக்குறிப்பை வைத்துக் கலிலியோவின் தாளைத் திருத்துங்கள். சூத்திரம் தவறு, 0. பொருத்தியது தவறான சூத்திரத்தில், 0. விடை தவறு, 0. அரியர்.

ஆனால் அந்தத் தாளில் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள். எங்கே முறியும் என்பது சரி, சுவரோரம்தான். நெம்புகோல் சமநிலை என்ற யோசனை சரி. அகலத்தை இரட்டித்தால் வலிமை இரண்டு மடங்கு, உயரத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு என்பதும் சரி. ஸ்கேலைப் படுக்க வைத்தால் வளைகிறது, நிமிர்த்தி வைத்தால் வளைவதில்லை என்பதற்குக் காரணம் அதில் வந்துவிட்டது. தவறியது ஒரு எண் மட்டும். என் கையில் விட்டால் பாஸ் போட்டுவிடுவேன்.

அதே புத்தகத்தில் இன்னொரு தவறு இருக்கிறது. எனக்கு அது இன்னும் பிடித்தது, ஏனென்றால் அது நம் இரண்டு பாடங்களுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் விழுந்த ஓட்டை. உறிஞ்சு பம்பு அந்த ஊர் அளவில் பதினெட்டு முழத்துக்கு மேல் தண்ணீரை ஏற்றாது என்று ஒரு தொழிலாளி சொன்னதாக அதில் வருகிறது. நம் கணக்கில் சுமார் 10 மீட்டர். ஏன் என்பதற்குக் கலிலியோ ஒரு விளக்கம் சொல்கிறார்: மேலே கட்டித் தொங்கவிட்ட கயிறு ஓர் அளவுக்கு மேல் நீளமானால் தன் எடையாலேயே அறுந்துவிடும் அல்லவா, அதுபோலத் தண்ணீர்த் தூணும் தன் எடையால் அறுகிறது. தண்ணீரைத் திண்மமாக நினைத்துவிட்டார்! அவரிடம் கடைசி மாதங்களில் உதவியாளராக இருந்த டோரிசெல்லி 1644இல் அம்பின் திசையை மாற்றிப் போட்டார். மேலே எதுவும் இழுக்கவில்லை, கீழே இருக்கும் காற்று தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்கு இருக்கும் பலம் 10.3 மீட்டர் தண்ணீருக்குத்தான் போதும்.

இதைச் சொல்லும்போதெல்லாம் அவிநாசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் ஞாபகம் வருகிறான். எஃப்எம்மில் இரண்டு முறை அரியர். பம்பு பாடம் நடத்தும்போது, மோட்டாரைக் கிணற்று மேட்டில் வைத்தால் என்ன என்று பொதுவாகக் கேட்டேன். பின் பெஞ்சிலிருந்து அவன் குரல்: “மேட்டுல வெச்சா தண்ணி ஏறாதுங்க சார். எங்க தோட்டத்துல பாதிக் கெணத்துல மேடை கட்டி வெச்சிருக்கறோம். கோடையில தண்ணி எறங்குனா மோட்டாரையும் எறக்கோணுங்க.” எத்தனை அடிக்கு மேல் ஏறாது என்றேன். “இருவது அடி தாண்டுனா கஷ்டங்க” என்றான். 20 அடி என்றால் 6 மீட்டர். குழாய் உராய்வு, ஃபுட் வால்வு, நீராவி அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புத்தகம் சொல்கிற நடைமுறை அளவும் ஏறக்குறைய அதுதான். டோரிசெல்லியின் அம்பு அவன் தோட்டத்தில் இருந்தது. அவனிடம் நாம் கேட்டதெல்லாம் ‘வளிமண்டல அழுத்தம் வரையறு, 2 மார்க்.’

சரி, திண்மத்துக்கும் பாய்மத்துக்கும் நடுவில் சுவர் என்று சொன்னேன். இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு வாக்கியம். பக்கவாட்டில் தேய்த்துத் தள்ளினால் திண்மம் கொஞ்சம் சாய்ந்து நின்றுகொள்ளும், பாய்மம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். முதலாவதில் தகைவு (பரப்புக்கு இவ்வளவு என்ற விசை) திரிபை (உருமாறும் அளவை) பொறுத்தது, இரண்டாவதில் திரிபு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. இதைப் புரிய வைக்க எனக்கு ஆய்வகம் வேண்டாம், மார்கழி மாதத்துத் தேங்காய் எண்ணெய் பாட்டில் போதும். காலையில் உறைந்து திண்மம், வெயிலில் வைத்தால் பாய்மம். அதே பொருள், அதே பாட்டில், இரண்டு பாடம். நாமோ இதை இரண்டு ஆசிரியர், இரண்டு புத்தகம், பல கல்லூரிகளில் இரண்டு வெவ்வேறு பருவம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஒரு வகுப்பில் தகைவு என்றும் மறு வகுப்பில் அழுத்தம் என்றும் சொல்வது ஒரே இனம், இரண்டுமே பரப்புக்கு இவ்வளவு விசை, என்பது நான்காம் ஆண்டு வரை பலருக்கு உறைப்பதில்லை.

பெரியவர்கள் இப்படிப் பிரிக்கவில்லை. வளைந்து பழைய நிலைக்குத் திரும்பும் மீள்திண்மங்களுக்கான சமன்பாட்டையும், பாகுநிலை (எண்ணெய் போல ஓடத் தயங்கும் தன்மை) கொண்ட பாய்மங்களுக்கான சமன்பாட்டையும் 1820களின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே மூச்சில் எழுதியவர் நேவியர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். உத்திரக் கணக்கைப் பாடப்புத்தக வடிவுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அவர் பாரிஸில் சீன் ஆற்றின் குறுக்கே ஒரு தொங்குபாலம் கட்டினார். 1826இல் அது முடியும் தறுவாயில் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் உடைந்து, மண் ஊறி, பாலத்தின் நங்கூரக் கட்டு நகர்ந்துவிட்டது. சரிசெய்திருக்கலாம், ஆனால் நகர நிர்வாகம் பாலத்தைப் பிரித்துவிட்டது. திண்மம், பாய்மம் இரண்டையும் எழுதிய மனிதரின் பாலத்தைச் சாய்த்தது இரண்டும் கலந்த சேறு. தனித்தனி அரியராக வந்திருந்தால் அவரும் ஒன்றையாவது பாஸ் செய்திருப்பார்.

இடையில் ஒரு வார்த்தை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் தகைவு, திரிபு, பாகுநிலை எல்லாம் படித்துத் தேறித்தான் தமிழ்வழிப் பிள்ளைகள் வருகிறார்கள். இங்கே வந்ததும் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின், விஸ்காஸிட்டி. ஏதோ புதுசு என்று மிரண்டுவிடுகிறார்கள். ‘இது நீ படித்த தகைவுதானப்பா’ என்று ஒரு வாக்கியம் சொல்ல எத்தனை நொடி ஆகும்? வினாத்தாளில் அடைப்புக்குறிக்குள் தமிழ்ச் சொல் ஒன்று போட எவ்வளவு மை ஆகும்? விசைக்கு அம்பு போடும் படத்துக்கு மொழியே வேண்டாம் என்பது என் கோரிக்கைக்கு இன்னொரு காரணம்.

படம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உத்திரம் உடைந்த கதைகள் பல இருக்கின்றன. நான் வகுப்பில் எப்போதும் சொல்வது அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி. 1981 ஜூலை 17, ஹயாத் ரீஜென்சி ஓட்டலின் உள்முற்றம். இரண்டாம் தளத்திலும் நான்காம் தளத்திலும் நடைபாலங்கள், ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்று, இரண்டும் கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கின. முதல் வரைபடத்தில் ஒரே நீளக் கம்பி கூரையிலிருந்து இரண்டு பாலங்களையும் ஊடுருவி இறங்கும், ஒவ்வொரு பாலத்துக்கும் அடியில் ஒரு நட்டு. அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டி நட்டு ஏற்றுவது தொல்லை என்று கம்பியை இரண்டாக்கினார்கள். கூரையிலிருந்து மேல்பாலம் வரை ஒன்று, மேல்பாலத்திலிருந்து கீழ்பாலம் வரை இன்னொன்று. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மொத்த எடையும் அதேதான்.

கிணற்றில் ஒரே கயிற்றை இரண்டு பேர் மேலும் கீழுமாகப் பிடித்துத் தொங்கினால் ஒவ்வொருவர் கைக்கும் அவரவர் எடை. கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்தால்? மேலே இருப்பவர் கைக்கு இரண்டு பேர் எடை. மேல்பாலத்து நட்டுக்கு நடந்தது அதுவே. முதல் வடிவமைப்பே விதிமுறை கேட்ட வலிமைக்குக் குறைவாக இருந்தது, அதன் மேல் சுமை இரட்டிப்பானது. அன்று மாலை நடன விழா நடந்துகொண்டிருந்தபோது இரண்டு பாலங்களும் விழுந்து 114 பேர் இறந்தார்கள். அந்த ஒரு நட்டைத் தனியாக வரைந்து இரண்டு அம்பு போட்டிருந்தால் தெரிந்திருக்கும். இதில் எந்தச் சூத்திரமும் இல்லை. நம் முதலாண்டு மாணவர் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடியது, செய்யச் சொல்லி நாம் கேட்டால்.

நம் ஊருக்கு வாருங்கள். ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு, வீட்டு முன்னால் பால்கனி, இரண்டும் கலிலியோவின் உத்திரம்தான். மேல்பக்கம் இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பில் அதன் வலிமை அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஆகவே கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கம்பியை மேலேயே கட்டியிருப்பார்கள், கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து மிதித்து அது கீழே இறங்கிவிடும். சென்ட்ரிங் பிரிக்கிற அன்று தெரியும். அந்தக் கம்பி வீக்கானது அல்ல. 12 மில்லிமீட்டர் கம்பி ஒன்று, 500 தரம் என்றால், வளைந்துகொடுக்கத் தொடங்கும் முன் ஐந்தரை டன்னுக்கு மேல் இழுப்பைத் தாங்கும். தப்பான பக்கத்தில் இருந்தால் அந்த ஐந்தரை டன் சும்மா படுத்துக் கிடக்கும். ‘சன்ஷேடில் கம்பி மேலா கீழா, படம் வரைந்து காட்டு’ என்று வினாத்தாளில் கேட்டு நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பாய்மத்துக்கு மேட்டூர் அணையே இருக்கிறது. தினமும் செய்தித்தாளில் நீர்மட்டம் வருகிறது, முழுக் கொள்ளளவு என்றால் 120 அடி. அதையே ஆழமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் சுமார் 670 டன் விசையோடு தள்ளுகிறது. 60 அடி நீர் இருக்கும் நாளில் அது பாதியா என்று கேளுங்கள், வகுப்பில் முக்கால்வாசிக் கை தூக்கும். பாதி அல்ல, கால். அணையைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புமையோ (விசையை அதன் நெம்புகோல் தூரத்தால் பெருக்கியது) எட்டில் ஒன்று. ஆழம் கூடக் கூட அழுத்தம் ஏறுவதைக் காட்டும் அழுத்த முக்கோணத்தை வரைந்தவருக்கு இது கண்ணில் தெரியும், வரையாதவருக்கு மனப்பாடம்தான் வழி. அணைக்குப் பின்னால் நீர் எத்தனை கிலோமீட்டர் தூரம் பரந்திருந்தால் என்ன, நிற்கும் தண்ணீருக்கு ஆழம் மட்டுமே கணக்கு என்பதும் அதே முக்கோணத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் குளியலறையில் தண்ணீர் வேகம் போதவில்லை என்று மாடியில் 500 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு 2,000 லிட்டர் தொட்டி வைத்தார். வேகம் அப்படியே இருந்தது. அவர் பையன் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு.

இனி, நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். படத்துக்கு மார்க் போடுவதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும், ஒரு வேளையில் இத்தனை தாள் திருத்த வேண்டும், மறுமதிப்பீட்டில் பிரச்சினை வரும். ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமெண்ட் படங்களுக்கு ஏற்கெனவே மார்க் போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்? எத்தனை அம்பு இருக்க வேண்டும், எந்தத் திசை, எங்கே பற்றுகிறது என்று குறிப்பில் எழுதிவிட்டால், ஆறு வரிக் கணக்கில் பிழை தேடுவதைவிட அது சீக்கிரமாகவே முடியும். சூத்திரங்களை ஒரு தாளில் அச்சடித்து வினாத்தாளோடே கொடுத்துவிடுங்கள். 384ஐ மனதில் வைத்திருப்பது ஒரு திறமை என்று நான் நினைக்கவில்லை. அதற்குத் தருகிற 3 மார்க்கை எடுத்துப் படத்துக்குப் போடலாம். விடைக்குக் கீழே ‘இது நம்பும்படி இருக்கிறதா, ஏன்’ என்று ஒரு வரி எழுதினால் 1 மார்க். 2,600 மில்லிமீட்டர் எழுதிய மாணவர் அந்த ஒரு மார்க்குக்காகவாவது திரும்பிப் பார்த்திருப்பார்.

நானும் யோக்கியனில்லை. வினாத்தாள் அமைக்கச் சொல்லி எனக்கும் வந்திருக்கிறது. நாளைக்குள் அனுப்ப வேண்டும் என்ற அவசரத்தில், பழைய கேள்வியில் 4 மீட்டரை 5 மீட்டராக்கி அனுப்பியிருக்கிறேன். அதே கேள்விக்குக் குறிப்பு எழுதும்போது சூத்திரம், பொருத்தல், விடை என்று நானும் பிரித்திருக்கிறேன். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ‘சார், டயக்ராமுக்கு மார்க் இருக்கா?’ என்று முதல் வகுப்பிலேயே கேட்கிறார்கள். இல்லை என்றால் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதில் அவர்கள் தப்பு என்ன இருக்கிறது?

மாதிரிக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்புகிறேன். அடுத்த பருவத்து எஃப்எம் தாளில் போட முடியுமா என்று பாருங்கள்.

‘ஒரு திறந்த கிணற்றில் நீர்மட்டம் ஐப்பசியில் தரையிலிருந்து 5 மீட்டர் கீழே, சித்திரையில் 16 மீட்டர் கீழே. விவசாயியிடம் ஒரு சாதாரண மோனோபிளாக் மோட்டார் பம்பு இருக்கிறது. வருடம் முழுக்கத் தண்ணீர் எடுக்க அதை எங்கே வைக்கச் சொல்வீர்கள்? உறிஞ்சு குழாயில் உள்ள தண்ணீரை மட்டும் தனியாக வரைந்து, அதன் மேல் செயல்படும் எல்லா விசைகளையும் குறித்துக் காரணம் சொல்லுங்கள். சூத்திரம் எழுதத் தேவையில்லை. (13 மார்க்)’

இப்படிக்கு,
இந்த இரண்டு பாடங்களையும் இன்னும் நடத்திக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியர்